படலை மட்டும் இருந்த வளவு

ஆசையம்மா அந்த வளவைப் பூங்காவுக்குக் கொடுத்தது கோபத்தினால்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். ஒருவரும் அதை அவருடைய முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அம்மா சோற்றை வடித்துக்கொண்டு நிற்கும்போது, எதிரே தெரிகிற வெறும் நிலத்தைப் பார்த்து, "அவளுக்கு இன்னும் மனம் ஆறேல்லை" என்பார். கனடாவிலிருந்து மாமா தொலைபேசியில், "என்னிலை இருக்கிற கோவத்தைக் காணியிலை காட்டுறாள்" என்பார். இருவருக்கும் நான் "ஓம்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு வீட்டில் நெடுங்காலம் இருந்துவிட்ட நம்பிக்கைக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை. மூலையில் கிடக்கும் பழைய அலுமாரியைப் போல அதுவும் கிடக்கும். நாங்கள் அதைச் சுற்றி நடந்து பழகிவிடுவோம்.

ஆசையம்மா என் அம்மாவுக்கு நேரே இளைய தங்கை. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் தெருவான ஒழுங்கை முழுவதற்கும் அவர் "மிசி அக்கா." மணமாகாதவர். நெட்டையான, மெலிந்த தோற்றம். வீட்டில் இருக்கும்போதுகூடச் சேலை மடிப்புக் கலையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மற்றவர்கள் முணுமுணுக்கும் பாட்டுகளை அவர் தெளிவாக, சற்று உரக்கவே பாடுவார். யாரோடும் அவர் சண்டை பிடித்ததை நான் காணவில்லை. ஒருவேளை அதனாலேயேதான் எல்லாக் கோபமும் அவருக்குள் எங்கோ சேர்ந்து கிடக்கிறது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோமோ, தெரியவில்லை. சண்டை பிடிக்காத மனிதருக்கு வீட்டார் தாங்களாகவே ஒரு சண்டையை உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த வளவு எங்கள் வீட்டுக்கு நேரெதிரே, ஒழுங்கையின் மறுகரையில் இருந்தது. அம்மப்பா அதை ஆசையம்மாவின் சீதனத்துக்கென்று ஒதுக்கியிருந்தார். மாப்பிள்ளை அச்சுவேலிப் பக்கத்தில் ஆசிரியராக இருந்தவர். எங்களைப் போலவே மிஷன் பள்ளிக்கூடத்து வழிவந்த குடும்பம். பெண்ணோடு வீடும் போகவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கமாகையால், பேச்சு முடிந்த கையோடு அத்திவாரம் வெட்டினார்கள். சுண்ணாம்புக் கல்லடுக்கி முழங்கால் உயரத்துக்கு எழுப்பினார்கள். அந்த நேரத்தில்தான் யுத்தம் இறுகியது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. தெற்கிலிருந்து சீமெந்து வரத் தடை. ஒரு நாள் மாப்பிள்ளையின் தகப்பன் வந்து, கலியாணத்தை முதலில் முடிப்போம், ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் இருக்கட்டும், வீடு ஆறுதலாக எழும்பட்டும் என்று சொன்னார். அம்மப்பா அப்போது படுக்கையில். முடிவு சொன்னவர் மாமா: "வீடு முடியாமல் என்ரை தங்கச்சியைக் கொட்டிலுக்கை அனுப்ப மாட்டன்." அவர் அதைப் பாசத்தில்தான் சொன்னார் என்று அம்மா எப்போதும் சொல்வார். நானும் அதை நம்புகிறேன். சீமெந்துக்காகக் கலியாணம் காத்திருந்தது.

காத்திருந்தபோதே இடப்பெயர்வு வந்தது. குடாநாட்டுச் சனம் மழையில் நனைந்துகொண்டு பாலத்தைக் கடந்து போயிற்று. நாங்கள் திரும்பி வந்தோம், மாப்பிள்ளை வரவில்லை. வன்னிக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்து, ஏதோ ஒரு குளிர்நாட்டில் மணம் முடித்துவிட்டதாகப் பிறகு ஒரு சேதி வந்தது. யாரும் யாரையும் குறைசொல்லவில்லை. அம்மப்பா கண்மூடினார். எங்கள் பக்கத்தில் சீதன உறுதிப் பத்திரம் கலியாணத்தன்றுதான் எழுதப்படும். கலியாணம் நடக்காததால் உறுதியும் எழுதப்படவில்லை. வளவு மாமா, அம்மா, ஆசையம்மா மூவருக்கும் பொதுவாக வந்து சேர்ந்தது. கூடம், அறைகள், குசினி, விறாந்தை என்று எல்லாவற்றுக்கும் கோடு போட்டதுபோல அந்த அத்திவாரம் மட்டும் நின்றது. ஆசையம்மா ஒவ்வொரு காலையும் எங்கள் வாசலில் நின்று தேத்தண்ணீர் குடிப்பார். அதற்கு நேரே அது இருந்தது.

மாமா கனடாவுக்குப் போனார். வளவின் தென்னோலைக் கிடுகு வேலி உக்கி விழுந்தது. எருக்கலையும் நாயுருவியும் வளர்ந்து, ஆடுகள் படுக்கிற இடமாயிற்று. யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் போனபின், எங்கள் சிறு நகரம் தன் முகத்தைக் கழுவிக்கொள்ளத் தொடங்கியது. குளங்களைத் தூர்வாரினார்கள். சந்திகளில் பூச்செடி வைத்தார்கள். குடியிருப்புகளுக்கு நடுவே சிறுசிறு பூங்காக்கள் அமைக்க நகரசபை காணி தேடுகிறது என்று கேள்விப்பட்ட ஆசையம்மா, ஒருவரையும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு போய், எங்களுடைய வளவைத் தரலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா தன் பங்குக்கு அரைமனதோடு இணங்கினார். மாமாவின் சம்மதம் வேண்டும். தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தபிறகு மாமா ஒரு நிபந்தனையோடு இணங்கினார்: சனம் வந்து பாவித்தால் இருக்கட்டும், பாவிக்காமல் சும்மா கிடந்தால் திருப்பி வாங்கி விற்றுவிடுவது. ஆசையம்மா "சரி அண்ணை" என்றார். ஆட்கள் வந்தால் வளவு பூங்காவாக நிலைக்கும். வராவிட்டால் யாரோ ஒருவருடைய மாடிவீடாகும். அவ்வளவுதான் உடன்பாடு.

வேலை தொடங்கியபோது சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அத்திவாரத்தைக் கிளறி எடுத்துவிடலாம் என்றார். ஆசையம்மா விடவில்லை. "அது கிடக்கட்டும் தம்பி. ஆக்கள் குந்தியிருக்க உதவும்" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். ஊரெல்லாம் வந்து பார்க்கட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார் என்று இருவரும் ஒரே கணத்தில் நினைத்தோம். கற்களை விட்டுவிட்டு நடுவே நடைபாதை போட்டார்கள். வேம்பும் தேமாவும் நட்டார்கள். ஓரத்தில் கடதாசிப்பூச் செடிகள். உட்காரச் சில சீமெந்து வாங்குகள். இத்தனை காலத்துக்குப் பிறகு அந்த வளவுக்குள் சீமெந்து வந்தது என்று நான் மனத்துக்குள் நினைத்தேன், சொல்லவில்லை. எஞ்சியிருந்த வேலிக் கதியால் கம்புகளை உத்தியோகத்தர் பிடுங்கிவிட்டார். பூங்கா என்றால் நான்கு பக்கமும் திறந்து, எங்கிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்று அவர் எங்கோ பயிற்சிக்குப் போன இடத்தில் கண்டிருந்தார். திறப்பு நாளன்று நகரசபைத் தவிசாளர் நாடா வெட்டினார். எல்லோரும் றோல்ஸ் சாப்பிட்டுத் தேத்தண்ணீர் குடித்தார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை.

அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஏன் என்று எங்களுக்கு விளங்கவேயில்லை. புதுப் பூங்கா, நிழலுக்குப் பக்கத்துக் காணியின் பெரிய மாமரம், இருக்க வாங்கு, எல்லாம் இருந்தன. சனம் மட்டும் ஒழுங்கையின் மறுகரையால் போய் வந்தது. நான் பல பின்னேரங்கள் வாசலில் நின்று கவனித்தேன். முன்பு கிடுகு வேலி நின்ற கோட்டை ஒருவருடைய காலும் தாண்டவில்லை. வேலி போய்விட்டது, ஆனால் நடக்கிறவர்கள் அது இன்னும் நிற்பதுபோல அதை உரசாமல் விலகி நடந்தார்கள். பிள்ளைகளின் பந்து உள்ளே போய் விழுந்தால், எட்டி நின்று தடியால் இழுத்தெடுத்தார்கள். எங்களுடைய ஊரில் நிலமென்றால் அது யாரோ ஒருவருடைய வளவு. வேலிக் கதவான படலையில் நின்று குரல் கொடுத்து, உள்ளிருந்து "வாங்கோ" என்று கேட்டபிறகுதான் கால் வைப்பது. வேலியில்லாத வளவுக்குள் எப்படிப் போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் புகையிரதப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வெயிலில் களைத்து வந்தவர், வாங்கைக் கண்டு நின்றார். இருக்க ஆசை அவருக்கு, முகத்தில் தெரிந்தது. குடையை மடக்கினார். பிறகு றோட்டில் நின்றபடியே, ஆளில்லாத அந்தப் பூங்காவை நோக்கி, "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டார். பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்து இன்னொருமுறை கூப்பிட்டார். வீட்டில் ஆளில்லைப்போல என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, குடையை விரித்து நடந்துவிட்டார். அம்மாவும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். ஆசையம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த தேத்தண்ணீர் ஆறும்வரை அந்தப் பெரியவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாதங்கள் போயின. ஆடுகள் வந்தன, தேமாக் கன்றுகளைக் கடித்தன. ஒருவரும் இருக்காத இடத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் அனுப்ப முடியாது, வேறொரு ஒழுங்கைக்காரர் தங்களுக்கும் பூங்கா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தவிசாளர் நயமாகச் சொல்லியனுப்பினார். மாமா தொலைபேசியில், "நான் அப்பவே சொன்னனான்" என்றார். தரகர் ஒருவரோடு கதைத்து வைத்திருப்பதாகவும், தை மாதம் தானே வரப்போவதாகவும் சொன்னார். அந்த நாட்களில் ஆசையம்மா சாப்பாட்டைக் குறைத்தார். ஆராதனையில் பாடும் குரல் தணிந்துபோயிற்று. அது எனக்குக் குழப்பமாக இருந்தது. மாமாவை நோகச் செய்யத்தான் கொடுத்தாரென்றால், அது கொடுத்தபோதே முடிந்துவிட்டது; இனிச் சனம் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன? மாமாவே அதை விற்றுவிட்டால் கோபத்துக்கு இன்னும் ஒரு காரணம் சேருமல்லவா? அம்மாவிடம் கேட்டேன். "அவளின்ரை மனம் ஆருக்குத் தெரியும்" என்று அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு மீன் வெட்டப் போய்விட்டார்.

பிறகொரு காலை, எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் பின்னால் கிடந்த பழைய மரப்படலையை ஆசையம்மா கழுவித் துடைப்பதைக் கண்டேன். தச்சரைக் கூப்பிட்டு இரண்டு கம்பம் நாட்டி, வளவின் ஒழுங்கைப் பக்கத்தில் அதைப் பூட்டுவித்தார். படலை மட்டும். இந்தப் பக்கமும் வேலியில்லை, அந்தப் பக்கமும் வேலியில்லை. திறந்த வெளியில் ஒரு படலை தனியாக நின்றது. ஒழுங்கையே கூடிச் சிரித்தது. மிசி அக்காவுக்குத் தலை சுகமில்லைப்போல என்று ஒருத்தி சொன்னது எங்கள் குசினிவரை கேட்டது. அப்போது குருநகரிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் வந்துசேர்ந்தார். வாய் துடுக்கானவர், ஆசையம்மாவோடு பகிடி விடும் உரிமை உள்ளவர்.

"மிசி அக்கா, வேலி எப்ப வரும்?"

"வேலி வராது. படலைதான்."

"அப்ப நான் இதாலை போகவோ, அதாலை போகவோ?"

"படலையாலை வாங்கோ. மீனை வெளியிலை விட்டிட்டு வாங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளைக் கம்பத்தில் சாத்தினார். படலையைத் தள்ளித் திறந்து, கால் செருப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அத்திவாரக் கல்லில் இருந்து வெற்றிலை போட்டார். திறப்பு நாளுக்குப் பிறகு அந்தப் பூங்காவுக்குள் வந்து இருந்த முதல் மனிதர் அவர்தான். கூடி நின்ற சனம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றது. வேலியில்லாத பக்கத்தால் அப்போதும் ஒருவரும் நுழையவில்லை.

அன்று பின்னேரம் தொடங்கி ஆசையம்மா அந்தப் படலையில் நிற்கத் தொடங்கினார். வெயில் தாழ்ந்ததும் முகம் கழுவி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து போவார். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் முறைசொல்லிக் கூப்பிடுவார். உள்ளை வாங்கோ, இருந்திட்டுப் போங்கோ, என்ன அவசரம் என்று, தன்னுடைய வீட்டு விசேஷத்துக்கு அழைப்பதுபோல. மறுக்க முடியாமல் ஒருவர் இருவராக வந்தார்கள். வாங்கின் நுனியில் இருந்தார்கள்; யாரோ எழுந்து தேத்தண்ணீர் தருவார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள்போல வளவைச் சுற்றிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில், "அப்ப போட்டு வாறம் மிசி அக்கா" என்று சொல்லிவிட்டு அதே படலையால் வெளியேறினார்கள். மறுநாளும் வந்தார்கள். "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டுவிட்டுப் போன பெரியவர் வந்த அன்று ஆசையம்மா அவருடைய குடையைத் தானே வாங்கி வைத்தார்.

அப்போது வந்தவர்களில் ஒருத்தியை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். எங்களுக்கு மூன்றாம் வீடு. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர். நாளாந்தம் நடக்கச் சொல்லி வைத்தியர் சொல்லியிருந்தார், ஆசையம்மாவும் சொல்லியிருந்தார். ஆனால் எங்கே நடப்பது? ஒழுங்கையில் இறங்கினால் ஒவ்வொரு வாசலிலும் "எங்கை போறியள்?" என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று ஒரு குடும்பப் பெண் எப்படிச் சொல்வது? முதல் நாட்களில் அவர் கையில் ஒரு வெறும் கடைப்பையோடு வந்தார். கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர் மாதிரி நடைபாதையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பை அசைந்துகொண்டே போகும். கேட்பவர்களுக்குப் பையே பதில். சில கிழமைகளுக்குப் பிறகு பையை வாங்கில் வைத்துவிட்டு நடந்தார். இன்னும் சில கிழமைகளில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் வேறு பெண்களும் நடந்தார்கள். "எங்கை போறியள்?" என்ற கேள்விக்கு எங்கள் ஒழுங்கைப் பெண்களிடம் முதன்முறையாக ஒரு புதுப் பதில் இருந்தது: "பூங்காவுக்கு."

அதன்பின் அந்த வளவு நிறைந்த விதத்தை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. ரியூசன் வகுப்பு முடிந்து பெற்றோருக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், முன்பு சந்தியில் வாகனப் புகைக்குள் நின்றவர்கள், இங்கே வந்து இருந்தார்கள். ஒருவர் தன் மகளுக்குச் சைக்கிள் பழக்கினார். எல்லைத் தகராற்றில் பல ஆண்டுகளாகக் கதைக்காத இரண்டு வீட்டுக்காரர் ஒரே வாங்கின் இரு நுனிகளில் இருந்தார்கள். நடுவில் முதலில் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், பிறகு ஒரு பத்திரிகை இருந்தது, பிறகு ஒன்றுமில்லை. அதைவிட விசித்திரம், வந்தவர்கள் தம்மையறியாமல் அத்திவாரத்தின்படியே பிரிந்து இருந்ததுதான். பெரியவர்கள் விறாந்தைக் கல்லில். பெண்பிள்ளைகள் குசினிக்கெனக் கட்டிய சதுரத்துக்குள். "நாங்கள் குசினிக்கை இருக்கிறம், வாங்கோவன்" என்று அவர்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். எந்தக் குசினி, யாருடைய குசினி என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைக் கேட்டு ஆசையம்மாவின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். ஒன்றும் மாறவில்லை. அல்லது எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இலக்கியம் படிப்பித்தவள். கதையில் இப்படி ஒரு அத்திவாரம் வந்தால் மாணவர்களுக்கு என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். எதிர் வளவுப் படலையில் நின்ற ஆசையம்மாவைப் பற்றி என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

ஏனென்றால் அவர் அங்கே ஒருநாளும் வாங்கிலோ கல்லிலோ இருந்ததில்லை. எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு விட்டுப் படலையடியிலேயே நிற்பார். இருள் விழத் தொடங்கி, கடைசி ஆள் விடைபெற்றபின் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கால் வீங்கியிருக்கும். ஏன் ஆசையம்மா நீங்கள் கொஞ்சம் இருக்கக் கூடாது என்று கேட்டேன். "வந்த ஆக்கள் இருக்க முதல் வீட்டுக்காரர் இருக்கிறதே பிள்ளை?" என்றார். வந்தவர்கள்தான் எப்போதோ இருந்துவிட்டார்களே என்று சொன்னேன். "இன்னும் ஆரும் வருவினம்" என்றார். யாரை எதிர்பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. குளிர்நாட்டிலிருந்து ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு அவர் வெகுளியல்லர். ஆனாலும் அந்தச் சொல் என்னைச் சில நாட்கள் அலைக்கழித்தது.

தை மாதம் மழை விட்டபின் மாமா வந்தார். தரகரை மறுநாள் காலை வரச்சொல்லியிருந்தார். பின்னேரம் வளவைப் பார்க்கப் புறப்பட்டபோது நானும் பின்னால் போனேன். ஒழுங்கையின் நடுவிலேயே அவருடைய நடை தளர்ந்துவிட்டது. உள்ளே இருந்த கூட்டத்தை அவர் எதிர்பார்க்கவில்லைப்போலும். நாங்கள் தொலைபேசியில் சொன்னதை அவர் நம்பியிருக்கவில்லை. வேலியில்லாத வளவு, அவருடைய தகப்பனின் வளவு, எந்தப் பக்கத்தாலும் நுழைந்திருக்கலாம். அவரும் படலைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். கனடாவின் கனத்த சப்பாத்து. தலை முழுவதும் நரை. ஆசையம்மா படலையின் மறுபக்கத்தில் நின்றார். தெருவில் போகிற யாரென்றே தெரியாதவர்களைக்கூடக் கூப்பிடுகிறவர், ஒன்றும் சொல்லாமல் அண்ணனைப் பார்த்தார். நாங்கள் நம்பியிருந்த கோபம் இதோ வெளியே வரப்போகிறது, இவரைக் கூப்பிடாமல் விடுவதற்காகத்தான் மற்ற எல்லோரையும் கூப்பிட்டார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"என்ன அண்ணை, றோட்டிலை நிக்கிறியள்," என்றார் ஆசையம்மா. "உள்ளை வாங்கோ."

மாமா உள்ளே போனார். கூடத்துக்கெனக் கட்டிய கல்லில், சீனி வருத்தக்காரி இளைப்பாறிக்கொண்டிருந்ததற்குப் பக்கத்தில், தயங்கி இருந்தார். அவரை அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. யுத்தத்துக்குப் பின்பு குடிவந்தவர். ஐயா எந்த ஊர் என்று விசாரித்தார். இந்த ஊர்தான் என்றார் மாமா. சப்பாத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று அவர் சொல்ல, பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு, எதை அறிவதற்காகவோ தெரியாது, "இது ஆரின்ரை வளவு?" என்று கேட்டார்.

"எங்கடை வளவு," என்றார் அந்தப் பெண். "நீங்கள் பயப்பிடாமல் இருங்கோ. ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

மாமா குனிந்து, தான் இருந்த கல்லைப் பார்த்தார். அவர் கை அந்தச் சுண்ணாம்புக் கல்லின் விளிம்பைத் தடவிக்கொண்டேயிருந்தது. அந்தக் கற்களைத் தெரிந்து எடுத்தவர் அவர். உரும்பிராயிலிருந்து வந்த மேசன்மாரோடு வெயிலில் நின்று நூல்பிடித்துப் பார்த்தவர் அவர். வெளிச்சம் மங்கும்வரை இருந்தார். பெண்பிள்ளைகள் குசினிக்குள்ளிருந்து எழுந்து, ஐயா போட்டு வாறம் என்று அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை தரகரை வரவேண்டாம் என்று அறிவித்துவிட்டார். ஆசையம்மா முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் கேட்காததைக் கேட்டார். "உனக்கு என்னிலை கோவந்தானே?"

ஆசையம்மா இலை உருவுவதை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்துக் குளிசையைத் தேடுகிறவரின் முகத்தோடு கொஞ்சம் யோசித்தார். "கோவம் இருந்ததுதான் அண்ணை," என்றார். "எங்கை வைச்சனெண்டுதான் இப்ப தெரியேல்லை."

மாமா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு முடியும்போது முகம் வேறாக இருந்தது; எழுந்து கிணற்றடிப் பக்கம் போனார். மாமா கனடா திரும்புமுன் மூவருமாக நகரசபைக்குப் போய், வளவை நிரந்தரமாகவே பூங்காவுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, நடந்ததெல்லாம் நல்லதுதானா என்று என்னைக் கேட்டார். நல்லதுதான் என்றேன். ஏன் நல்லது என்று அவர் கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேன். ஒரு பெண்ணுக்கு வீடாக வேண்டியது, ஒழுங்கைக்கே இருக்கும் இடமாயிற்று. அதில் ஒருவருக்குச் சீனி இறங்கியது. ஒருவர் சைக்கிள் ஓடப் பழகினார். இரண்டு வீட்டுக்காரர் ஒருவரோடொருவர் கதைத்தார்கள். இவையெல்லாம் சேர்ந்து ஒருத்தி இழந்ததற்கு ஈடாகுமா, அப்படி ஈடுவைத்துப் பார்ப்பதே பிழையா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. இழந்ததாக அவர் எப்போதாவது நினைத்தாரா என்பதும் தெரியவில்லை.

அம்மா காலமானபின் வந்த ஆண்டில் ஆசையம்மா படுக்கையில் விழுந்தார். படலைக்குப் போக முடியவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் என்னிடம் கேட்பார்: "இண்டைக்கு ஆக்கள் வந்தவையோ?" வந்திருக்கினம் என்பேன். யார் யார் என்று விசாரிப்பார். கடைப்பைக்காரி, குடைப்பெரியவர், பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு வருவேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் திடீரெனக் கண்ணைத் திறந்து, "ஆர் கூப்பிட்டது?" என்று கேட்டார்.

ஒருவரும் கூப்பிடவில்லை, அவர்கள் தாங்களாகவே வருகிறார்கள், இப்போது படலையாலும் வருகிறார்கள், மற்றப் பக்கங்களாலும் வருகிறார்கள் என்று சொன்னேன். அவருக்குச் சந்தோஷமாயிருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆசையம்மா யன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஒருத்தரும் கூப்பிடாமலே வந்திட்டினமோ," என்றார்.

அந்தக் குரலில் இருந்தது நிறைவா, ஏமாற்றமா என்று அன்றும் எனக்குப் பிடிபடவில்லை. பலமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அது ஒருவிதமாக ஒலிக்கிறது. இன்னொரு நாள் வேறுவிதமாக. அதற்குப் பிறகு அவர், ஆட்கள் வந்தார்களா என்று என்னைக் கேட்கவில்லை. யன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். எதிர்ப்பக்கத்துச் சத்தம் உள்ளே வந்துகொண்டிருக்கும், கேட்டபடி தூங்கிவிடுவார். அப்படி ஒரு பின்னேரம்தான் போனார். சவ அடக்கத்தன்று பூங்கா வெறுமையாகக் கிடந்தது. அதில் இருக்கிற அத்தனை பேரும் எங்கள் முற்றத்தில் நின்றார்கள். ஒருவரையும் நான் "உள்ளை வாங்கோ" என்று கூப்பிடவேண்டியிருக்கவில்லை.

மாமாவும் போன குளிர்காலத்தில் கனடாவில் காலமானார். அவருடைய பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கையின் பெயர் தெரியாது. அந்த வளவு ஏன் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கேட்டால் பதில் தெரியாத நான் மட்டும் இந்த வீட்டில் இருக்கிறேன். வெயில் தாழ்ந்தபின் எதிரே சனம் இருக்கிறது.